தெற்குப் பக்கத்து முடிச்சு

அத்தியாயம் பதினான்கு

வாரா வாரம் வாசிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், சிற்பத் தோட்டத்தில் ஒரு கல் மாட்டைத் தூக்கி வைக்கும்போது கயிறு நழுவி, அடியில் நின்ற என் அண்ணன் செத்துப்போனார். கயிறு கட்டியவன் நான். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள், அப்படித்தான் நானும் நம்பினேன். அம்மா ஏற்கெனவே இல்லாத அண்ணன் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளை நாங்கள் வளர்த்தோம். என் வீட்டில் சாப்பிட்டு, என் வீட்டில் படித்து, மிருக டாக்டர் ஆனாள். ஆனால் ஒரு தடவைகூட என்னை 'சித்தப்பா' என்று கூப்பிட்டதில்லை. போன மாதம் அவளுக்கு அதே தோட்டத்துச் சரணாலயத்தில் வேலை கிடைத்தது. போன வாரம் அவளிடமிருந்து மூன்று இலவச டிக்கெட் வந்தது.

இலவசமாக எது வந்தாலும் நான் திருப்பிப் பார்ப்பேன். டிக்கெட்டையும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு மான் படம். வேறு வில்லங்கம் தெரியவில்லை.

"வர்றீங்களா இல்லையா?" என்றாள் வீட்டுக்காரி.

"எதுக்குக் கூப்பிடுறா?"

"தோட்டத்துக்கு நூறு வயசாச்சாம். பழைய போட்டோவெல்லாம் மாட்டியிருக்காங்களாம். என் தம்பியை மேடையில பேசக் கூப்பிட்டிருக்காங்க."

அதுதானே பார்த்தேன். மச்சினன் இப்போது நாலு கிரேன் வைத்திருக்கிற பெரிய மனுஷன். அந்தக் காலத்தில் எங்களோடு கயிறு இழுத்தவன். நான் அந்த விபத்துக்கு அப்புறம் ஒரு பாரக் கயிற்றையும் தொடவில்லை. யாரும் தொட விடவில்லை. முப்பது வருஷம் ஒரு கிடங்கு வாசலில் காவல் உட்கார்ந்தேன்.

அந்தத் தோட்டத்துக்கு அதற்கப்புறம் போனதில்லை. இந்தத் தடவை ஏன் கிளம்பினேன் என்று கேட்டால், டிக்கெட் மூன்று இருந்தது. இரண்டு அனுப்பியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

மச்சினனின் காரில் போனோம். வீட்டுக்காரி மடியில் சாப்பாட்டுப் பை. அவன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நம்ம வெள்ளைக்காரத் துரைக்கு ஸ்பூன் எடுத்துக்கிட்டியா? இல்லேன்னா பட்டினி கிடப்பாரு."

"எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன்" என்றாள்.

நான் கையால் சாப்பிடுவதில்லை. ஸ்பூன்தான். வீட்டில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. ஏன் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. வீட்டுக்காரி மட்டும் எங்கே போனாலும் கேட்காமலே ஒரு ஸ்பூன் எடுத்து வைத்துவிடுவாள். நல்ல மனைவி என்று நினைத்துக்கொள்வேன்.

தோட்டம் மாறியிருந்தது, மாறாமலும் இருந்தது. கல் மான்கள் நிற்கிற புல்வெளியில் உயிருள்ள மான்கள் மேய்ந்தன. எது கல், எது மான் என்று அது தலையைத் தூக்கினால்தான் தெரியும். கல் ஆமையின் முதுகில் நிஜ ஆமை ஏறி வெயில் காய்ந்தது. வேலி போடாமல் மிருகங்களுக்கு நடுவில் சிலைகளை வைக்க வேண்டும் என்பது நூறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தவரின் பிடிவாதம். அதனால்தான் பெரிய வண்டிகள் உள்ளே வரக்கூடாது என்று அந்தக் காலத்தில் சட்டம். எல்லாக் கல்லையும் முக்காலி போல உயரமான மரக்கால் நட்டு, கப்பி போட்டு, கயிற்றால்தான் தூக்கினோம். சங்கிலி போட்டால் சிலையில் கீறல் விழும்.

டாக்டரைப் பார்க்க முதலில் பறவை வைத்தியக் கொட்டகைக்குப் போனோம். மேஜையில் ஒரு கொக்கு. உதவிக்காரி அதன் தலையைத் துணியால் மூடிப் பிடித்திருந்தாள். அண்ணன் மகள் அதன் காலில் மெல்லிய குச்சி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. மேடைக்கு நேரமாச்சு, தேடிட்டிருக்காங்க. சித்தி, உக்காருங்க." அப்புறம் கொக்கின் காலைப் பார்த்தபடியே, "சித்தி, அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க."

நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்.

"வேணாம்னு சொல்லு" என்றேன்.

"வேணாமாம்" என்றாள் வீட்டுக்காரி, ஏதோ வெளியூருக்குச் செய்தி அனுப்புகிற மாதிரி.

மச்சினன் சிரித்துவிட்டு மேடைக்காரர்களைப் பார்க்கப் போனான். போகும்போது அவள் தலையைத் தட்டினான். "நல்லாப் பேசுங்க மாமா" என்றாள். அந்த 'மாமா'வில் இருக்கிற வெல்லத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். பள்ளிக்கூட விழாவுக்கெல்லாம் அவன்தான் போவான். நான் வந்தால் அவளுக்கு முகம் வாடும் என்று நான் போனதில்லை.

நான் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கமாக இரண்டு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு சுற்று கூடுதல். அந்தக் கூடுதல் சுற்று என்னுடையது. எங்கள் கூட்டத்தில் வேறு யாரும் அதைப் போட மாட்டார்கள், வீண் வேலை என்பார்கள். கயிற்றையும் நம்பாத ஆள் நான். இவளுக்கு நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டில் துணி காயப்போடும் கொடியை நான் கட்டியதைப் பார்த்துக் கை தானாகப் பழகியிருக்க வேண்டும்.

"முடிஞ்சுது" என்றாள் கொக்கிடம். பிறகு வீட்டுக்காரியிடம், "சித்தி, போட்டோ அறைக்குப் போய்ப் பாருங்க. மாட்டுப் போட்டோ ஒண்ணு இருக்கு. பழைய ஆபீஸ் பெட்டியில கிடந்துச்சு, நான்தான் பெருசா போடச் சொன்னேன். அதுல அப்பா இருக்காரு. வேலை செஞ்சவங்க பேரைப் போட்டோவுக்குக் கீழ எழுதணும், யாரு எந்தப் பக்கம்னு. அட்டை வெறுமையா வெச்சிருக்கேன். அவரைக் கேட்டு எழுதி வாங்குங்க."

ஆக, மூன்றாவது டிக்கெட் அதற்குத்தான். நான்தான் சொன்னேனே, இலவசமாக எதுவும் வராது.

வீட்டுக்காரி கால் வலிக்கிறது என்று ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். போட்டோ அறைக்கு நான் தனியாகப் போனேன்.

சுவர் முழுக்கப் போட்டோ. கடைசியில், ஆள் உயரத்துக்கு, எங்கள் மாடு.

கல் மாடு கயிற்றில் தொங்குகிறது, தரையிலிருந்து ஒரு முழம். அதன் முகம் நம்மைப் பார்க்கிறது. இரண்டு கொம்பும் இருக்கிறது. அதன் பக்கத்தில் என் அண்ணன், ஒரு கை கொம்பில், சிரித்துக்கொண்டு. அந்தச் சட்டையை நான்தான் அவருக்கு இரவல் கொடுத்திருந்தேன். இது எடுத்துச் சில நிமிஷங்களில் அவர் இல்லை.

கொஞ்ச நேரம் அண்ணனை மட்டும் பார்த்தேன். அப்புறம் கண் தானாகக் கயிற்றுக்குப் போனது. தொழில் அப்படி.

மாட்டின் வடக்குத் தோள் பக்கம் ஒரு முடிச்சு. வலச்சுற்று, கூடுதல் சுற்று. என்னுடையது.

தெற்குத் தோள் பக்கம் ஒரு முடிச்சு. இடச்சுற்று.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இடச்சுற்றுதான். கூடுதல் சுற்றும் இல்லை.

எந்தப் பக்கம் நின்று கட்டினாலும் என் கை ஒரே மாதிரிதான் சுற்றும். வலக்கைக்காரன் எவனுக்கும் அப்படித்தான். எங்கள் கயிறெல்லாம் வலப்புரி முறுக்கு. அதை வலப்பக்கமாகச் சுற்றினால் புரி இறுகும். இடப்பக்கமாகச் சுற்றினால் புரி இளகும், பாரம் ஏறினால் நழுவும். அதனால் இடக்கைக்காரனைப் பொதி கட்ட விடமாட்டோம். இழுக்கலாம், தூக்கலாம், கட்டக்கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு இடக்கைக்காரன் இருந்தான். பத்தொன்பது வயது, வேலைக்கு வந்து இரண்டு மாதம். என் மச்சினன்.

உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போட்டோவையும் நான் நம்புகிறவன் இல்லை. திருப்பிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பீடத்தில் சுண்ணாம்பால் எழுதிய 27 நேராக இருந்தது. அண்ணன் சட்டைப் பை இடப்பக்கம்தான் இருந்தது. திருப்பிப் போட்டிருந்தால் என் முடிச்சும் அல்லவா திரும்பியிருக்கும்? அது சரியாக இருந்தது.

அன்றைக்கு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. கல் சாயும்போது மரக்கால் ஒன்று என் மண்டையில் விழுந்தது. மூன்று நாள் நினைவில்லை. கண் விழித்தபோது கட்டிலுக்கு இந்தப் பக்கம் மச்சினன், அந்தப் பக்கம் வீட்டுக்காரி. "ரெண்டு பக்கமும் நீங்கதான் கட்டினீங்க அத்தான்" என்று அவன்தான் அழுதுகொண்டே சொன்னான். கல் விழுந்ததுமே கயிற்றை அறுத்து எடுத்துவிட்டார்களாம். முடிச்சைப் பார்த்தவர்கள் இல்லை.

வெளியே வந்தேன். கால் நேராக அந்தக் கல் மாட்டிடம் போனது.

மாடு ஏரியைப் பார்த்து நின்றது. தெற்குக் கொம்பு இல்லை, அன்றைக்கு விழுந்ததில் உடைந்தது. செதுக்கியவர் அதை ஒட்டவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இப்போது அதுதான் தோட்டத்திலேயே பேர்போன சிலை. ஜனங்கள் அதன் பக்கத்தில் நின்று தலையில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜனங்கள் தொடாமல் இருக்கச் சுற்றிலும் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு கம்பத்தில் அவிழ்ந்து கிடந்தது.

மச்சினன் அங்கேதான் இருந்தான். ஒரு காகிதத்தை வைத்துப் பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தான், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"கயிறு அவுந்து கிடக்கு. கட்டு."

"இதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க."

"நாலு கிரேன் வெச்சிருக்கிறவனுக்குக் கயிறு கட்ட மறந்துடுச்சா?"

சீண்டினால் அவன் சும்மா இருக்க மாட்டான். சிறு வயதிலிருந்தே அப்படி. காகிதத்தை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து, கட்டினான். இடப்பக்கம் இரண்டு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழுப்பு. கம்பத்தைத் தட்டிக் காட்டினான்.

"போதுமா? கை மறக்காது அத்தான்."

"மறக்கல" என்றேன். "போட்டோ அறையில இதே முடிச்சு இருக்கு. தெற்குப் பக்கம்."

காகிதத்தை வாயிலிருந்து எடுத்தான். ஈரமாகியிருந்தது. மெதுவாக மடித்தான். பொய் சொல்கிறவன் முதலில் கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் கோபப்படவில்லை.

"நீங்க கப்பியைச் சரிபண்ண மேல ஏறியிருந்தீங்க" என்றான். "தெற்குப் பக்கம் நீங்க பாதி கட்டி விட்டிருந்தீங்க. நான் அவுத்துட்டு முழுசாக் கட்டினேன். உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னுதான்."

"வாங்கினியே."

"பத்தொன்பது வயசு அத்தான் எனக்கு."

"எனக்கு இருபத்தொம்பது. என் அண்ணனுக்கு முப்பத்தி நாலு. நீ மட்டுமா வயசு வெச்சிருந்த?"

அவன் ஏரியைப் பார்த்தான். ஒலிபெருக்கியில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் முகம் தெளிந்தது.

"சத்தம் போடாதீங்க. அந்தப் பொண்ணு காதுல விழுந்தா அவதான் உடைஞ்சு போவா. நான் ஒருத்தன் முடிவு பண்ண விஷயம் இல்ல இது. அக்காவைக் கேளுங்க."

"எந்த அக்காவை?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது. அவனுக்கு ஒரே அக்காதான்.

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் போனான். நான் அடுத்த கம்பத்தில் கிடந்த கயிற்றை எடுத்தேன். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, தடியான கயிறு. வலப்பக்கம் இரண்டு சுற்று. உள்ளே விட்டு ஒரு இழுப்பு. கூடுதல் சுற்று. முடிச்சு இறுகி உட்கார்ந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் நின்றன, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு.

வீட்டுக்காரி சாப்பாட்டுப் பையோடு நடந்து வந்தாள்.

"சாப்பிட வாங்க. எவ்வளவு நேரம்..." என்றவள் கம்பங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

அவளுக்குக் கயிறு தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"எப்போ தெரியும் உனக்கு?"

அவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"எப்போன்னு கேட்டேன்."

"அன்னைக்கு சாயந்தரமே" என்றாள். "ஆஸ்பத்திரி வாசல்ல என் காலைப் பிடிச்சு அழுதான். போலீஸ்காரங்க உள்ள நின்னாங்க. சின்னப் பையன், உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க. நீங்க மண்டை உடைஞ்சு கிடந்தீங்க, உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்படித்தானே ஆச்சு?"

"அப்புறம் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் கழிச்சு. பத்து வருஷம் கழிச்சு."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நாள் போகப் போக, சொல்றதைவிட சொல்லாம இருந்தது பெருசாயிடுச்சு."

"அந்தக் குழந்தை என்னைப் பாத்து ஒளிஞ்சுக்குமே, அதைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க தாங்குவீங்கன்னு நெனச்சேன்."

நான் குனிந்து பையைத் திறந்தேன். டப்பாவுக்கு மேலே, துணியில் சுற்றி, ஸ்பூன். எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இது எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும் என்று அவள் தலை ஆடியது.

"அண்ணனைக் கொன்ன கைன்னு வாய்கிட்ட கொண்டுபோகப் பிடிக்காம. தெரியுமில்ல? தெரிஞ்சேதானே தினமும் எடுத்து வெச்ச?"

"பசியோட இருக்கக் கூடாதேன்னு..."

இதற்கு மேல் அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வீட்டில் எத்தனை வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டேன், எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன். பால்காரனை, தபால்காரனை, பக்கத்து வீட்டு நாயை. சந்தேகப்படாத ஒரே ஆள் என் பக்கத்தில் படுத்திருந்தாள்.

மேடையில் மச்சினன் பேச ஆரம்பித்துவிட்டான். ஒலிபெருக்கி மரத்துக்கு மரம் கட்டியிருந்தார்கள். தப்ப முடியாது. "இந்த மண்ணுலதான் நான் தொழில் கத்துக்கிட்டேன்..." என்றான். கை தட்டினார்கள். மாட்டின் முதுகில் நின்ற வேறொரு கொக்கு பறந்து போனது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் வீட்டுக்காரி, தாழ்ந்த குரலில். "இன்னைக்கு வேணாம். அவளுக்கு அவன் ஒருத்தன்தான் அப்பா மாதிரி. அதையும் பிடுங்கிட்டா அவளுக்கு என்ன மிச்சம்?"

அது உண்மைதான். அதுதான் என்னைக் குத்தியது. ஒரு வார்த்தையில் என் கை சுத்தமாகும். அதே வார்த்தையில் அவளுக்கு இரண்டாவது தடவை அப்பா சாவார்.

அப்போதுதான் அவள் பாதையில் வருவதைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டில் கொக்கின் இறகு ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கையில் வெற்று அட்டையும் பேனாவும். இன்னொரு கையில் அந்தப் போட்டோவின் சின்னப் பிரதி.

"சித்தி, கேட்டாச்சா? மாட்டணும். அவரு எந்தப் பக்கம்னு..."

பாதியில் நிறுத்தினாள். கயிறு கட்டியிருப்பதைக் கவனித்தாள். "யாரு கட்டினது? காலையிலேர்ந்து ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்காரி குனிந்து பையின் வாயை மூடினாள்.

அவள் முதல் கம்பத்தின் பக்கம் குனிந்தாள். மச்சினனுடையது. விரலால் சுற்றிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. வாத்தின் இறகை யாராவது தப்பான பக்கம் தடவினால் அவளுக்கு வருகிற முகம்.

அப்புறம் என்னுடையது. அங்கே விரல் நின்றது. கடைசிச் சுற்றில், அந்தக் கூடுதல் சுற்றில். காலையில் கொக்கின் காலில் அவளே போட்ட சுற்று.

கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வடக்குத் தோள். தெற்குத் தோள். மறுபடி கம்பங்கள். மறுபடி போட்டோ. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஒலிபெருக்கியில் மச்சினன் சொன்னான்: "அன்னைக்கு நாங்க ஒரு அருமையான மனுஷனை இழந்தோம்..."

அவள் நிமிர்ந்தாள். வீட்டுக்காரியைப் பார்க்கவில்லை. அவள் மூலமாகக் கேட்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா," என்றாள். "இந்த ரெண்டுல உங்க முடிச்சு எது?"

வீட்டுக்காரி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் கம்பங்களை நோக்கிக் கையை நீட்டினேன்.